முள் ஒடிந்த கெளுத்தி

ஆடி பிறந்தால் வரதனின் முதுகு நிமிர்ந்துவிடும். மற்ற பதினோரு மாதமும் அவர் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் "அங்கிள், பாட்டு போடுங்க" என்றால் போடுகிறவர், "மாத்துங்க" என்றால் மாற்றுகிறவர். தெருமுனையில் சித்தப்பா மகன் மனோகரனின் கார் திரும்பினால் தன் ஸ்கூட்டரைச் சாக்கடை விளிம்பு வரை ஒதுக்கி நிற்கிறவர். ஆடியில் மட்டும் அவருக்கு வேறு பெயர். மீன் வீட்டுக்காரர்.

விஷயம் இதுதான். கரைக் கன்னியம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்த்து, சாயங்காலம் கும்பம் கொட்டுவார்கள். சோற்றுக் குவியலின் மேல் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, முட்டை எல்லாம் ஊற்றிப் படைக்கும்போது கெளுத்தி மீன் குழம்பும் ஊற்றியாக வேண்டும். அந்தக் கெளுத்தி கூவம் ஆற்றில் பிடித்ததாக இருக்க வேண்டும். ஓடத்தில் ஏறிப் பிடிக்கக்கூடாது. வலை போடக்கூடாது. காசு கொடுத்து வாங்கவே கூடாது. இரண்டு காலும் கரை மண்ணில் பதிய நின்று தூண்டிலில் பிடிக்க வேண்டும். ஓடம் கூடாது என்று ஏன் வைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது; ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிற அந்தத் தண்ணீரில் இன்றைக்கு ஓடம் வேண்டும் என்றாலும் எங்கே போய்த் தேடுவது? ஆனால் சட்டம் சட்டம்தான்.

பிடிக்கிற உரிமை மூத்தவர் வழியில் வரதன் வீட்டுக்கு. உச்சிவேளைக்குள் மீனைக் கொண்டுவந்து காட்டினால் பூசாரி அவர் தலையில் பரிவட்டம் கட்டி முதல் கூழை ஊற்றுவார். அந்த நேரத்தில் மனோகரன் பின்னால் நிற்க வேண்டும். மூன்று மாடி லேடீஸ் ஹாஸ்டலும் நான்கு தண்ணி லாரியும் வைத்திருக்கிற மனோகரன், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது வரிசையில். மீன் கிடைக்காவிட்டால் உரிமை இளையவர் வழிக்குப் போய்விடும். அதாவது அதே மனோகரனுக்கு. அந்தப் பத்து நிமிஷப் பரிவட்டம் மட்டும் இல்லையென்றால் இந்த மனுஷன் எப்போதோ சுருண்டு படுத்திருப்பார் என்று வரதனின் மனைவி புஷ்பாவே குழாயடியில் சொல்லியிருக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆடியில்தான் வினை ஆரம்பித்தது. மூன்று நாள் கரையில் உட்கார்ந்தும் தூண்டிலில் டயபர் தவிர ஒன்றும் மாட்டவில்லை. வரதன் நேரே பூந்தமல்லிக்குப் போனார். அங்கே முஜீப் என்பவரின் மீன் கடை. முன்னால் ஐஸில் வஞ்சிரமும் சங்கராவும். பின்னால், கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும், நீல டிரம்மில் உயிரோடு பண்ணைக் கெளுத்தி. ஒன்றை வாங்கி ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு விடியுமுன் கரைக்கு வந்தார். அதன் வாயில் தன் கொக்கியை மாட்டி, தூண்டிலின் தங்கூஸ் நரம்பை ஒரு வேரில் கட்டித் தண்ணீரில் விட்டுவைத்தார். பத்து மணிக்கு ஊர் கூடியதும் இழுத்தார். கைதட்டல் விழுந்தது. பரிவட்டம் ஏறியது. அடுத்த வருஷம் மூன்று நாள் உட்கார்ந்து பார்ப்பானேன் என்று நேரே பூந்தமல்லிக்கே போய்விட்டார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. கெளுத்திக்குச் செவுளுக்குப் பக்கத்தில், இடமும் வலமுமாக, ஊசி போல இரண்டு முள் உண்டு. குத்தினால் கை இரண்டு நாளைக்கு இட்லிப் பானை. முஜீப் கடையில் ஒரு வாடிக்கைக்காரம்மாவுக்குக் குத்தி அவள் கடையை இரண்டாக்கிவிட்டுப் போனதிலிருந்து, மீனை டிரம்மில் விடும்போதே அவர் கட்டிங் ப்ளேயரால் முள்ளை ஒடித்துவிடுவார். வலது முள் அடியோடு போகும். இடது பக்கம் ப்ளேயர் சரியாகப் பிடிக்காமல் ஒரு அரிசி நீளம் மிச்சம் நிற்கும். வரதன் பஸ் ஓட்டுகிறவர், இதையெல்லாம் கவனிக்கவில்லை. கவனித்தவள் நாகம்மாள்.

நாகம்மாள் கோயிலுக்கு மீன் கழுவிக் கொடுக்கிற வீட்டுக்காரி. அறுபது வயதுக்கு மேல். கண்ணாடி போடாமலேயே அடுத்த தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவள். முதல் வருஷம் மீனை ஆய்ந்து முடித்த கையோடு புஷ்பாவின் அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"ஏண்டி புஷ்பா, ஆத்து மீனு முள்ள ஆஸ்பத்திரிக்குப் போயி எடுத்துகினு வந்துச்சா?"

புஷ்பா பீரோவைத் திறந்து, தான் கட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள். நாகம்மாள் புடவையின் முந்தானையை விரித்துப் பார்த்து, "கலரு எனக்கு எடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புடவை போகும். 'மீன் கழுவுறவங்களுக்கு மரியாதை' என்று அதற்குப் பெயர். நாகம்மாள் வாயைத் திறக்கவில்லை என்றுதான் வரதன் நம்பிக்கொண்டிருந்தார். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். பரிவட்டம் கட்டும்போது கொஞ்சம் பலமாகவே கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

போன வருஷம் வாங்கிய மீன் கொஞ்சம் மயங்கினாற்போல் இருந்ததால் வரதன் ஜாக்கிரதையாக இரண்டு வாங்கினார். கரையில் சாக்கைப் பிரித்தபோது ஒன்று வாலால் அவர் முகத்தில் ஓர் அறை விட்டு, சேற்றில் நெளிந்து நெளிந்து போய்த் தண்ணீரில் விழுந்து மறைந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் புஷ்பா, "போவட்டும், அதுக்காச்சும் நல்ல தலையெழுத்து" என்றாள். அதோடு அந்தக் கதையை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் ஆடி பிறந்த முதல் வாரமே மனோகரன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் நோட் போட்டான். "அண்ணாத்தே மீன் புடிக்கிறத துபாய்ல கீற நம்ம ஜனம், சிங்கப்பூர்ல கீற நம்ம ஜனம் எல்லாம் பாக்கணும்னு ஆசப்படுது. அதனால நம்ம கிரண் லைவ் போடப்போறான். சனிக்கெழம காத்தால ஆறு மணிலேர்ந்து ஞாயித்துக்கெழம உச்சி வரைக்கும் கரைலயே கட்டில் போட்டுப் படுத்துக்குவான். அண்ணாத்தேக்கும் தொணையா இருக்கும்."

கிரண் மனோகரனின் ஒரே மகன். ஐடி வேலையை விட்டுவிட்டு, 'கன்டென்ட்' பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன். குழுவில் நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். வரதனும் தூக்கினார். தூக்காமல் என்ன செய்ய?

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே புஷ்பா கேட்டாள்:

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"புடிப்பேன்."

"எத்த?"

"மீனத்தான்."

"சிரிப்புக் காட்டாதயா."

"ஏண்டி, நான் புடிச்சதே இல்லியா? கல்யாணத்துக்கு முன்ன ஒரு ஆடியில ரெண்டு புடிச்சேன்."

"கல்யாணத்துக்கு முன்ன உனக்குத் தலைல முடியும் இருந்துச்சி" என்றாள் புஷ்பா. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நாகம்மாக்காவுக்குப் பொடவ எடுக்கணும். ஆவடில தள்ளுபடி போட்டுகீறான்" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்."

"வேணாமா?"

"நெசமா புடிக்கப்போறேன்டி. திருட்டு மீனுக்குத்தான் பொடவ. நெசத்துக்கு எதுக்குப் பொடவ?"

"நெசமோ பொய்யோ, அது வருஷா வருஷம் எதிர்பாத்துகினு இருக்கும்யா."

"இருக்கட்டும். இந்த வாட்டி எவ காலுலயும் நான் வுழப்போறது இல்ல."

வரதன் அப்படிக் குரலை உயர்த்திப் புஷ்பா கேட்டதில்லை. சரி, ஒரு புடவைச் செலவு மிச்சம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரதன் கரையில் இருந்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தங்கூஸ், கனத்துக்கு ஒரு லாரி நட்டு, ஒரு கேரி பையில் கோழிக் குடல். கிரண் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஸ்டாண்டில் போனை நிறுத்தி, "ஹாய் மக்களே" என்றான். முதலில் அவர் நட்டைச் சுழற்றி நடு ஆற்றுக்கு வீசினார். ஆகாயத்தாமரையில் சிக்கி நரம்பு அறுந்தது. மறுபடி கட்டி வீசினார். ஒரு லேடீஸ் செருப்பு வந்தது. பத்து மணிக்கு விரல் நீளத்தில் ஒரு ஜிலேபி மீன் வந்தது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன், "அண்ணாத்தே, அதுக்கு டிபன் குடுத்து ஊட்டாண்ட அனுப்பு, அம்மா தேடும்" என்றான்.

மத்தியானம் வரதன் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். கரையில் நிற்பவன் நடு ஆற்றுக்கு ஆசைப்படக்கூடாது. கெளுத்தி சாப்பாடு தேடிக் கரைக்குத்தான் வரும். எங்கே சாப்பாடு? அது இரண்டரை மணிக்குத் தெரிந்தது. மனோகரனின் லேடீஸ் ஹாஸ்டல் பின்புறச் சுவரிலிருந்து ஒரு குழாய் ஆற்றுக்கு இறங்குகிறது. மெஸ்ஸில் தட்டு கழுவுகிற நேரம், சாம்பார் சோறும் அப்பளத் துண்டும் அதில் வந்து விழும். அப்படி விழுந்ததும் கரையோரம், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர் அடியிலிருந்து ஏதோ புரண்டது. குமிழ் வந்தது. மறுபடி புரண்டது. வரதன் சனிக்கிழமை அங்கே தூண்டில் போடவில்லை. இடத்தைக் காட்டிக் கொடுக்க அவருக்கு மனசில்லை. இரவு புஷ்பா போட்ட தோசையில் ஆறு தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உடுக்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பெண்கள் கூழ்க் குடத்தில் வேப்பிலை செருகிக்கொண்டிருந்தார்கள். மனோகரன் பட்டு வேட்டியில் கரைக்கு வந்து, "இன்னா அண்ணாத்தே, எதுனா மாட்டுச்சா? மாட்லன்னா சொல்லு, நானும் ஒரு தூண்டிலு வாங்கி வெச்சிகீறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். மணி பத்தேகால். ஹாஸ்டலில் இட்லித் தட்டு கழுவுகிற நேரம்.

வரதன் எழுந்து, குழாய்க்குப் பத்தடி தள்ளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு காலையும் சேற்றில் பதித்தார். நட்டை வீசவில்லை, கையால் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். குழாயில் சட்னித் தண்ணீர் கொட்டியது. நரம்பு ஒருமுறை விரலைத் தொட்டு விட்டது. மறுபடி தொட்டது. பிறகு ஒரே இழுப்பு. பாட்டில் கையிலிருந்து துள்ளி விழ, நரம்பு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது.

"வந்துச்சிடா!" என்று கத்தினார். எதிர்க்கரை வரை கேட்டிருக்கும்.

நாலு நிமிஷம். மீன் வேருக்குள் நுழையப் பார்த்தது. வரதன் மண்டி போட்டு இழுத்தார். கை ரத்தம் நரம்பு வழியே தண்ணீரில் சொட்டியது. கோயிலில் இருந்து ஜனம் ஓடி வந்தது. கடைசியில் கரை மேல் வந்து விழுந்தது கறுப்பாய், மழமழவென்று, முழங்கை நீளத்துக்கு மேல். நாலு கிலோவுக்குக் குறையாது. வரதன் அதன் மேல் படுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி அணைத்தது இல்லை என்று புஷ்பா பிறகு சொன்னாள். முகம் முழுக்கச் சேறு, அதற்கு நடுவில் பல். எல்லாரும் கைதட்டினார்கள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மனோகரன்கூட இரண்டு தட்டு தட்டினான்.

மீனைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வரதன் கோயிலுக்கு நடந்தார். பூசாரி பரிவட்டத் துணியை நான்காய் மடித்து வைத்திருந்தார். முறைப்படி மீன் முதலில் நாகம்மாளிடம் போக வேண்டும். அவள் சாம்பல் தொட்டுப் பிடித்து, "நல்ல மீனு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பரிவட்டம் கட்டிவிடலாம். நாகம்மாள் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு ஆடிகளில் முதல்முறையாகப் பழைய புடவை. மீனைப் புரட்டினாள். வலது பக்கம் தடவினாள். இடது பக்கம் தடவினாள். நிமிர்ந்து வரதனைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்ற புஷ்பாவைப் பார்த்தாள்.

"ஏன் வரதா" என்றாள், உடுக்கைக்காரனே நிறுத்துகிற குரலில். "இந்த வருஷமும் முள்ளக் காணோமே?"

'வருஷமும்' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தினாள்.

வரதன் குனிந்து பார்த்தார். முள் இல்லை. வலது பக்கம் அடியோடு இல்லை. இடது பக்கம் ஒரு அரிசி நீளம். அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு போன வருஷம் முகத்தில் வாங்கிய அறை ஞாபகத்துக்கு வந்தது. நாலு கிலோவாக வளர்ந்து திரும்பி வந்திருக்கிறது. எத்தனையோ மீன் இருக்கிற ஆற்றில் இதுதானா வந்து கடிக்க வேண்டும்?

மனோகரன் முன்னால் வந்து குனிந்தான். ஒரு பார்வைதான். "இது பூந்தமல்லி முஜீப் பாய் ஒடிப்பு. என் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாரா வாரம் வருது, எனக்குத் தெரியாதா? அண்ணாத்தே, அம்மனுக்கேவா?"

"டேய், சத்தியமா நான் புடிச்சதுடா. உன் மவனே பாத்தான். கேளு!"

கிரணைக் கூப்பிட்டார்கள். வீடியோவைப் போட்டார்கள். நாலு நிமிஷமும் கிரண் முகம். மீன் மாட்டிய பரபரப்பில் போனைத் திருப்ப மறந்து, செல்ஃபி கேமராவிலேயே, "மக்களே, வேற லெவல் மக்களே" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஓரத்துல உங்க முழங்கை தெரிது பெரிப்பா" என்றான், உதவி செய்கிற எண்ணத்தில்.

"நேத்து ராத்திரி நீ கரைலதான படுத்திருந்த?" என்று மனோகரன் கேட்டான்.

கிரண் தலையைச் சொறிந்தான். "கொசுப்பா. ஒரு மணிக்கா ஊட்டாண்ட வந்துட்டேன்."

முஜீப்புக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். கோயில் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார். மீனை ஒரு பேசினில் வைத்து அவரிடம் கொண்டுபோனார்கள். டிரம்மைப் பற்றி வெளியில் பேசுவது அவருக்கு நல்லதில்லை; என்றாலும் நாலு பேர் முன்னால் தன் கைவேலையைத் தெரியாது என்று சொல்ல வரவில்லை.

"ஒடிப்பு என்துதான்" என்றார்.

கூட்டம் 'ஓ' போட்டது.

"இருங்க, இருங்க. புதுசா ஒடிச்சா ரத்தம் கட்டியிருக்கும். இது தோல் மூடி வழவழன்னு ஆயிடுச்சி பாருங்க. வருஷம் ஒண்ணு ஆயிருக்கும். இந்த சைஸு என் டிரம்முல கெடயவும் கெடயாது. இது ஆத்துல திரிஞ்சி வளந்த மீனு."

பூசாரிக்குக் கூழ் ஆறுகிற கவலை. அவர் ஒரு வழி சொன்னார்: "மழ வெள்ளத்துல எவன் பண்ணயாச்சும் ஒடஞ்சி வந்திருக்கும். ஆத்துல ஒரு வருஷம் கெடந்தா அது ஆத்து மீன்தான?"

"அது எப்டி?" என்று பூசாரியைக் கேட்டான் பின்னால் ஒருவன். "ஆவடியில பொறந்துட்டு இங்க முப்பது வருஷமா கீற, உன்ன இன்னும் ஆவடிக்காரன்னுதான சொல்றோம்?"

சிரிப்பு எழுந்தது. பூசாரி விடவில்லை. பரிவட்டத்தைக் கையில் எடுத்தும்விட்டார். வரதன் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதும். வெள்ளம் என்று ஒரு வார்த்தைக்குத் தலையாட்டியிருந்தால் போதும். ஆறு வருஷமாகப் பொய்க்கு மேல் அலுங்காமல் உட்கார்ந்திருந்த மனுஷன், இந்தச் சின்னப் பொய்க்கு என்ன குறைச்சல்? ஆனால் உள்ளங்கை எரிந்துகொண்டிருந்தது. நாலு நிமிஷம் அவர் பிடித்த பிடியை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து மனோகரன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"வுடுங்க பூசாரி, பெரிய மனுஷன். பாவம், கட்டிப்போட்டுத்தான் இழுத்தாரு. இன்னா இப்போ."

"போன வருஷம் கட்டிப்போட்டேன்டா!" என்று வரதன் அலறினார். "அதுக்கு முன்ன அஞ்சு வருஷமும் கட்டிப்போட்டேன்! ரெண்டு வாங்கினேன், ஒண்ணு தப்பிச்சி ஆத்துல பூட்ச்சி, அதான் இது! இந்த வருஷம் கட்லடா! நானே புடிச்சேன்! என் கையப் பாருடா!"

கையை விரித்துக் காட்டினார். கையை யாரும் பார்க்கவில்லை.

புஷ்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பூசாரி பரிவட்டத்தை மெதுவாகத் தாம்பாளத்தில் வைத்தார். ஆறு வருஷம் கட்டிப்போட்டேன் என்று வரதன் சொன்னதை அந்த நொடியே அத்தனை பேரும் நம்பினார்கள். முன்னமே தெரிந்தவர்கள்கூட இப்போதுதான் கேள்விப்படுகிறாற்போல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த வருஷம் நானே பிடித்தேன் என்றதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. "ஆறு வருஷம் வாங்கினவன் ஏழாவது வருஷம் புடிப்பானா? அதுவும் தான் வுட்ட மீனயே?" என்று கேட்டாள் நாகம்மாள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

முஜீப் மட்டும் அவர் கையைப் பார்த்தார். "வரதண்ணே, அதுக்கு மஞ்சள் வெச்சிக் கட்டு" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

உரிமை இளையவர் வழிக்குப் போனது. பேச்சு முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உச்சி தாண்டிவிட்டதே என்றதற்கு, முறை மாறுகிற வருஷம் அம்மன் சாயங்காலம் வரை பொறுப்பாள் என்று பூசாரியே ஒரு சட்டம் கண்டுபிடித்தார்.

புஷ்பா பேசினோடு மீனை எடுக்க வாசலுக்குப் போனபோது, மனோகரன் முஜீப்பின் டிவிஎஸ் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பேசியிருப்பான்.

"ரெண்டு கிலோல ஒண்ணு போதும் பாய். சீக்கிரம் வரணும். முள்ள மட்டும் ஒடிக்காத."

பிறகு திரும்பி, "நாகம்மாக்கா, சாயங்காலம் ஊட்டாண்ட வந்துட்டுப் போ" என்றான்.

இரண்டே முக்காலுக்கு மனோகரன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ஹாஸ்டல் குழாய் அருகே இரண்டு காலையும் கரையில் பதித்து நின்று, புதுத் தூண்டிலை இழுத்தான். முதல் இழுப்பிலேயே மீன். கிரண் இந்த முறை கேமராவைச் சரியாகத் திருப்பி வைத்திருந்தான். மீன் துள்ளியதும் தண்ணீர் தெறித்ததும் அப்பன் சிரித்ததும் அவ்வளவு தெளிவு. துபாயிலிருந்து இதயம் இதயமாக வந்தது. பரிவட்டம் மனோகரன் தலைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டாவது வரிசையில் யார் நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வரதன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் நடந்தது. ஆறு வருஷமாக முள் இல்லாத மீனையே ஆய்ந்து பழகிய கை. நாகம்மாள் சாம்பலைத் தொட்டுக்கொள்ளாமல் பேச்சு வாக்கில் மீனை அழுத்திப் பிடித்துவிட்டாள். அவள் போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டது. புதுப் புடவையை வீங்கிய கையோடு வாங்கிக்கொண்டு போனாளாம். கலர் அவளுக்கு எடுக்கவில்லையாம்.

அந்தக் கூச்சல் கேட்டபோது புஷ்பா அடுப்படியில் இருந்தாள். வரதன் அந்த மீனைக் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தார். அவள் புளியை இரண்டு மடங்கு கரைத்தாள், பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள். வாசனை அடங்கவில்லை. முஜீப்பின் டிரம்மில் வளர்ந்த மீன் ஆறு வருஷமும் மணத்தது. சுத்தமான தண்ணீர், கம்பெனித் தீவனம். இது கூவத்தில் ஒரு வருஷம் திரிந்தது. சட்டியைத் திறந்தால் சாக்கடையும் சீமெண்ணெயும் கலந்த நெடி கூடத்துக்கு வந்தது. இதைக் கும்பத்தில் ஊற்றியிருந்தால் கூட்டமே மூக்கைப் பிடித்திருக்கும்.

வெளியே கும்பத்துக்குப் பம்பை அடித்தார்கள். வரதன் கைக்கட்டோடு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். இடது கையால் சாப்பிட வராமல், கட்டைப் பிரித்துவிட்டு வலது கையாலேயே பிசைந்தார். குழம்புக் காரம் வெட்டில் பட்டதும் முகம் சுருங்கியது. நிறுத்தவில்லை.

புஷ்பா ஒரு வாய் வைத்துப் பார்த்து எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"நாறுதுயா. வுடு, நாய்க்குப் போட்டுர்லாம்."

"நல்லாத்தான் கீது."

"இன்னா நல்லா கீது? மூஞ்சப் பாரு. கொமட்டிகினு வருது உனக்கு."

"நான் புடிச்சதுடி."

அவள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். வரதன் துண்டு துண்டாகத் தின்றுகொண்டே போனார். தலைப்பக்கத் துண்டைக் கடித்தபோது பல்லில் ஏதோ நறநறத்தது. விரல் விட்டு எடுத்துப் பார்த்தார். இடது பக்க முள், அரிசி நீளம், முனை மழுங்கியது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சட்டிக்குக் கை நீட்டி அடுத்த துண்டை எடுத்தார்.